சுல்தானுக்கு ஒரு மகன் இருந்தான்

பிப்ரவரி 10, 2019, ஞாயிறு

வெறும் வயிற்றில் 138.

சர்க்கரை அளவைத் தினமும் எழுதி வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். எழுது என்று சொன்னால் எண்ணை மட்டும் எழுதிவிட்டு மூடி வைக்கிற ஆளா நான்? அஞ்சாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் என் நோட்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். இந்த டைரி என் மகன் ஹபீபுல்லா வேலை பார்க்கும் டைல்ஸ் கடையில் கொடுத்தது. முதல் பக்கத்தில் முதலாளி ஜபருல்லாவின் படம், பல் தெரிய.

ஹபீபின் மகள் ஃபாஹிமா போன வாரம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எம்.ஏ. சரித்திரம் படிக்கிறாள். கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தால் பார்த்துக் காப்பி அடிப்பார்களாம், நாற்பது பக்கத்தையும் கையால்தான் எழுதித் தர வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். கட்டுப் போட்ட கையைக் காட்டியதும், வீட்டில் யாரையாவது எழுதச் சொல்லு என்றாராம்.

"அத்தம்மா, நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுவீங்களா?"

"உன் வாத்தியார் என் கையெழுத்தைப் பார்த்துட்டு உனக்கு மார்க்கை அள்ளிப் போடுவாரு, பாரு."

மதுரையில் சுல்தான் ஆட்சியை ஏற்படுத்திய அஹ்சன் ஷா என்பவரைப் பற்றி எழுத வேண்டுமாம். நாளை மறுநாள் தொடங்குகிறோம்.

பிப்ரவரி 12, செவ்வாய்

141.

ஆறு பக்கம் எழுதினேன். ஓர் அடித்தல் இல்லை.

எழுநூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவான காலத்துக்கு முந்தைய கதை. டெல்லி சுல்தான் நம் சீமையை ஆள ஓர் அதிகாரியை அனுப்புகிறார். அவர்தான் அஹ்சன் ஷா. அப்போது வெறும் அதிகாரி. வெள்ளிக்கிழமை ஜும்மாவில், குத்பா உரையில் டெல்லி சுல்தான் பெயரைத்தான் வாசிக்க வேண்டும். யார் பெயரை வாசிக்கிறார்களோ அவர்தான் ராஜா என்று ஃபாஹிமா விளக்கினாள்.

"இதை எனக்கு விளக்கணுமாக்கும்" என்றேன்.

எங்கள் பள்ளிவாசலிலும் அந்த முறை உண்டு. ரஜப் மாதம் முதல் வெள்ளி கந்தூரி, ஊருக்கே சாப்பாடு. ஓதி முடித்து இறைவனிடம் துஆ கேட்கும்போது மறைந்தவர்களின் பெயரைச் சொல்வார்கள். முதல் பெயர் என் வீட்டுக்காரர் காசிம் ராவுத்தருடையது. பள்ளிவாசலுக்கு இடம் எழுதிக் கொடுத்த வீடு இது. அவர் உயிரோடு இருந்தவரை அந்த இடத்தில் அவருடைய அத்தா, என் மாமனார் பெயர். அதற்குப் பிறகுதான் மற்ற வீட்டுக்காரர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்த பெயர்கள், வந்த வரிசைப்படி. நான் இதுவரை சீட்டு எழுதிக் கொடுத்தது கிடையாது. சீட்டு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கிற வீடில்லை எங்கள் வீடு.

பிப்ரவரி 15, வெள்ளி

171. நேற்று பலாச்சுளை தின்றேன். அதனால்தான்.

ஜும்மா முடிந்து கீழத்தெரு கமால் வந்தார். தையல் கடை வைத்திருப்பவர். அடுத்த மாதம் மகளுக்கு நிக்காஹ் வைத்திருக்கிறார். வழக்கமாக வாசலில் நின்றபடியே இரண்டு கேலி பேசுவார். இன்று நேராக வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, ஜமாத் கூட்டத்துல முடிவு பண்ணிட்டாக. இந்த வருசத்துலேர்ந்து முதல் பேரு ஜபருல்லாவோட அத்தா பேராம். மினாரா கட்டிக் குடுத்தாங்கல்ல."

"அப்ப இவுக பேரு?"

"சீட்டு எழுதிக் குடுத்தா வரிசையில வாசிப்பாகளாம்."

ஜபருல்லாதான் ஜமாத் தலைவர். ஹபீபின் முதலாளியும் அவன்தான். சின்னப் பையனாக இருந்தபோது என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஆணம் ஊற்றிச் சோறு தின்றவன்.

"இடம் இல்லாம மினாரா எங்கே நின்னிருக்குமாம்? வானத்துலயா?" என்று கேட்டேன்.

கமால் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 17, ஞாயிறு

168.

கோயம்புத்தூர் கிளையிலிருந்து ஹபீப் வந்தான். பதினெட்டு வருடமாக அந்தக் கிளை இவன் பொறுப்பில்தான் இருக்கிறது. ஒன்றுவிட்டு ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருவான். முதுகு வலிக்கு பெல்ட் போட்டிருக்கிறான். டைல்ஸ் பெட்டியைத் தூக்காதே என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது.

கந்தூரி விஷயத்தைச் சொன்னேன்.

"விடுங்கம்மா. பேருதானே."

"பேருதான்டா."

அவன் சோற்றைப் பிசைந்தான். அப்போதுதான் சொன்னேன்: அன்றைக்கு நம் வீட்டு முற்றத்தில் தனியாக ஓதப் போகிறேன், கீழத்தெரு வீடுகளை எல்லாம் கூப்பிடுவேன், ஓதி வைக்க வெளியூரிலிருந்து ஹஜ்ரத் வருவார், முதல் பெயர் உன் அத்தா பெயர்.

ஹபீப் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி ரஹீலா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"முதலாளிக்குத் தெரியுமா மாமி?" என்று கேட்டாள்.

"அவனுக்குத் தெரியணும்னுதானே ஓதுறேன்."

"உங்க இஷ்டம்மா" என்றான் ஹபீப். பாதிச் சோற்றில் எழுந்தான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். பஸ் நாலரைக்கு. அப்போது மணி இரண்டு.

பிப்ரவரி 20, புதன்

இன்று நல்ல அத்தியாயம்.

அஹ்சன் ஷா டெல்லியை உதறிவிட்டார்! குத்பாவில் தன் பெயரை வாசிக்கச் செய்தார். தன் பெயரில் காசும் அடித்தார். அந்தக் காசுகள் இன்னும் கிடைக்கின்றனவாம். ஃபாஹிமா போனில் படம் காட்டினாள். தேய்ந்துபோன சின்னக் காசு. 'ஏழை எளியவர்களின் தகப்பன்' என்று அரபியில் பொறித்திருக்கிறார்.

"அப்படிப் பொறிச்சா போதுமா அத்தம்மா? ஏழைங்கதானே சொல்லணும்?" என்றாள்.

"முதல்ல பேரு பொறிக்கிற தைரியம் வேணும்டி."

"டெல்லி சும்மா இருக்குமா?"

"எனக்கென்னடி தெரியும்? நீதானே படிச்சவ. எழுதுறேன், சொல்லு."

நாளைக்குச் சொல்வதாகச் சொல்லிவிட்டாள். எனக்குக் கை பரபரத்தது. கீழத்தெருவில் முப்பத்தொரு வீடு என் பக்கம் சரி என்று சொல்லியிருக்கிறது. கமால் கணக்கெடுத்துவிட்டு வந்து, "அக்கா, உங்களுக்கும் ஒரு காசு அடிச்சிரலாமா?" என்றார். ஜபருல்லா படத்தின் மேல் வெள்ளைத்தாள் வெட்டி ஒட்டினேன். இப்போது டைரி சுத்தமாக இருக்கிறது.

பிப்ரவரி 24, ஞாயிறு

196. அடுத்த வாரம் வர முடியாது, அதற்குப் பதில் இந்த வாரமே வருகிறேன் என்று ஹபீப் சொல்லியிருந்தான். வரவில்லை. ஞாயிறும் சரக்கு இறங்குகிறதாம்.

பிப்ரவரி 27, புதன்

காலை பத்து மணிக்கு ஜபருல்லா போன் செய்தான்.

"பெரியம்மா, நல்லா இருக்கீங்களா? ஒரே நாள்ல ரெண்டு எடத்துல துஆ ஓதினா ரெண்டு ஜமாத்துன்னு ஆயிரும். ஊரைப் பிரிக்காதீங்க."

"நான் பிரிக்கலை தம்பி. ஒட்டியிருந்த பேரை எடுத்தது நீதான்."

"காலம் மாறுது பெரியம்மா." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ஹபீப் தங்கமான ஆளு. அவனையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க" என்றான்.

"என் பிள்ளையை நெனைக்க நீ சொல்லித்தரணுமா?"

வைத்துவிட்டேன். வாசல் கதவைத் தாழ் போட்டது பூனை உள்ளே வருகிறது என்பதால். பயமெல்லாம் எனக்குக் கிடையாது. காசிம் ராவுத்தர் மனைவிக்குப் பயம் என்ன?

மார்ச் 1, வெள்ளி

204. பேரீச்சம்பழம்.

டெல்லி சுல்தானே பெரும்படையைத் திரட்டிக்கொண்டு தெற்கே கிளம்பிவிட்டார். வாரங்கல் வரைக்கும் வந்துவிட்டார்கள். அங்கே படைக்குள் கொள்ளைநோய் புகுந்தது. ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். சுல்தானும் நோயில் விழுந்தார். படை திரும்பிப் போய்விட்டது. அஹ்சன் ஷா மீது ஒரு வாள் படவில்லை.

"பார்த்தியா! அல்லா யார் பக்கம்?" என்று கத்தினேன்.

ஃபாஹிமா என்னையே பார்த்தாள். "செத்தவங்க பக்கம் யாரு அத்தம்மா?" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு கேள்வி.

மார்ச் 3, ஞாயிறு

211.

ஹபீப் போன் செய்தான். நம்பர் புதிதாக இருந்தது. கடை போன் ரிப்பேராம். பின்னால் லாரி உறுமுகிற சத்தம், யாரோ "ஏய், பாத்து எறக்கு" என்று கத்துகிற சத்தம்.

"எங்கேடா இருக்க?"

"குடோன்லம்மா."

"முதுகு?"

"அது கெடக்குதும்மா."

போன் ரிப்பேர் ஆவது உலகத்தில் நடக்காததா?

ரஹீலா மூன்று வருடமாகத் தொடாமல் வைத்திருந்த தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். கமால் கடையிலிருந்து துணி வாங்கி வந்து சட்டைக்கு ஓரம் அடிக்கிறாள். பொழுது போகவில்லையாம். அடுப்படியில் தொங்கிய டைல்ஸ் கடைக் காலண்டரும் காணோம். கேட்டால், கிழிந்துவிட்டதாம். மார்ச் மாதத்தில் காலண்டர் கிழிகிறது.

மார்ச் 7, வியாழன்

அடுத்த அத்தியாயத்தைச் சொல்லடி என்றால் ஃபாஹிமா மாட்டேன் என்கிறாள்.

"அதை மட்டும் நானே இடது கையால எழுதிக்கிறேன் அத்தம்மா."

"கோழி கிளறின மாதிரி இருக்கும். என் எழுத்துக்கு நடுவுல அதை வைக்கவா?"

"இருந்துட்டுப் போகட்டும்."

என்னமோ மறைக்கிறாள். அஹ்சன் ஷா தோற்றுப்போயிருப்பார், நான் வருத்தப்படுவேன் என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. ஐந்து வருடத்தில் அவருடைய ஆட்களில் ஒருவரே அவரைக் கொன்றுவிட்டார் என்று நான் ஏற்கனவே அவள் குறிப்பில் எட்டிப் பார்த்துவிட்டேன். ராஜா என்றால் அப்படித்தான். அதற்கெல்லாம் நான் அழுவேனா?

மார்ச் 11, திங்கள்

233.

ஜமாத் முத்திரை போட்ட நோட்டீஸ் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை தனியாக துஆ ஓதும் வீடுகளும், அதில் கலந்துகொள்ளும் வீடுகளும் ஜமாத் பதிவேட்டிலிருந்து நீக்கப்படும். நிக்காஹ், மையத்து அடக்கம் எதற்கும் பள்ளிக் கடிதம் கிடையாது.

முப்பத்தொரு வீடு பத்தொன்பது ஆகிவிட்டது.

"மிச்சம் பேரு உறுதியா நிக்கிறோம் அக்கா" என்றார் கமால். தாடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"மகள் நிக்காஹுக்குப் பள்ளிக் கடிதம் வாங்கிட்டீங்களா?"

"இன்னும் இல்லை. பாத்துக்கலாம் அக்கா." முகத்தைத் திருப்பிக்கொண்டார். "மாப்பிள்ளை வீட்டுல கடிதம் இல்லாம ஒத்துக்குவாகளான்னுதான்... அதை விடுங்க. தேக்சா ரெண்டுக்குச் சொல்லியாச்சு."

நூறு பேருக்குச் சமைக்கிற பெரிய செம்புப் பாத்திரங்கள் அவை. வீட்டு முற்றத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். பூனை ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 13, புதன்

240.

இன்று காலை ஃபாஹிமாவை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன்.

"சொல்லு. எழுதுறேன். வர்ற திங்கள்கிழமை கொடுக்கணும். உன் கோழிக் கிறுக்கலோட என் எழுத்து போகாது."

அவள் குறிப்பு நோட்டை எடுத்தாள். எழுத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் எழுதினேன்.

அஹ்சன் ஷாவுக்கு ஒரு மகன் இருந்தான். பெயர் இப்ராஹிம். அத்தா மதுரையில் இருக்க, மகன் டெல்லி சுல்தானிடம் வேலையில் இருந்தான். அரண்மனையின் பேனாக்களும் காகிதங்களும் வைக்கும் பைக்கு அவன் பொறுப்பு. சுல்தானுக்கு அவனைப் பிடிக்கும். அத்தா இங்கே தன் பெயரை குத்பாவில் வாசிக்கச் செய்தபோது மகன் அங்கேதான் இருந்தான்.

பேனாவை நிறுத்தினேன்.

"அங்கேயா இருந்தான்?"

"ஆமா அத்தம்மா."

"இவருக்கு அது தெரியாதா? தெரிஞ்சுமா செஞ்சாரு?"

"தெரியாம எப்படி இருக்கும்? பெத்த மகன்."

"சரி. அப்புறம்?"

"செய்தி போனதும் சொந்தக்காரங்களைப் பிடிச்சு அடைச்சாங்கன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அப்படி இல்லை, ரொம்ப நாள் கழிச்சு வேற ஒரு குத்தம் சொல்லிப் பிடிச்சாங்கன்னு இன்னொருத்தர் எழுதியிருக்கார். அவர் ஊர் ஊராப் போன மொராக்கோக்காரர். இப்ராஹிமோட தங்கச்சியைத்தான் கட்டியிருந்தார்."

"முடிவு?"

"வேண்டாம் அத்தம்மா."

"முடிவைச் சொல்லுடி."

"இடுப்போட ரெண்டா வெட்டிட்டாங்க."

சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். கட்டுப் போட்ட கையால் முகத்தைத் துடைக்க, மாவுக்கட்டு நனைந்தது. எழுநூறு வருடத்துக்கு முன்னால் செத்தவனுக்காக யாராவது இப்படி அழுவார்களா? ஏன் அழுகிறாய் என்று நான் கேட்கவில்லை. வெளியே ரஹீலாவின் தையல் மெஷின் சத்தம் நின்றுபோயிருந்தது. ஒட்டுக் கேட்டிருப்பாள்.

அந்தப் பக்கத்தில் என் எழுத்து கோணலாக விழுந்துவிட்டது. பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். அதுவும் கோணல்தான். அப்படியே விட்டுவிட்டேன்.

மார்ச் 14, வியாழன்

ஊசி குத்திப் பார்க்கவில்லை.

காலை பதினோரு மணிக்கு ஜபருல்லா வீட்டுக்குப் போனேன். வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், தனியாக. கணவர் மவுத்தான பிறகு அந்தப் படியை நான் மிதித்ததில்லை. வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் டைல்ஸ். வழுக்கியது.

அவன் எழுந்து நின்றான். அந்த மரியாதை இன்னும் இருக்கிறது.

"பெரியம்மா, நீங்க எதுக்கு... சொல்லி அனுப்பியிருந்தா நான் வந்திருப்பேன்ல?"

"நாளைக்கு என் முற்றத்துல துஆ இல்லை. நீ ஹபீபை ஒண்ணும் செய்யாதே."

வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போனேன். இன்னும் கௌரவமாகச் சொல்ல நினைத்திருந்தேன். வாயிலிருந்து வந்தது இவ்வளவுதான்.

ஜபருல்லா என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"நான் ஒண்ணும் செய்யலை பெரியம்மா. போன மாசம் இருபத்தெட்டாம் தேதி கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். உங்கம்மாவைச் சமாதானப்படுத்துறியா, இல்லை கடைச் சாவியைத் தர்றியான்னு. ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலை. சாவிக்கொத்தை மேசை மேல வச்சுட்டுப் போயிட்டான். பதினெட்டு வருசம். எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு." தலையை நிமிர்த்தினான். "உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னான், சொன்னான்" என்றேன். அல்லா மன்னிக்கட்டும். "திருப்பிக் கூப்பிடுவியா?"

"அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சே பெரியம்மா."

அவன் மனைவி டீ கொண்டு வந்தாள். சர்க்கரை போட்டது. குடித்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து ரஹீலாவைக் கூப்பிட்டேன். "ஹபீப் எங்கே வேலை பார்க்கிறான்?"

அவள் மறைக்கவில்லை. கோயம்புத்தூரிலேயே, உக்கடத்தில் வேறொரு கடையில் பெட்டி ஏற்றி இறக்குகிறான். "உங்ககிட்ட சொன்னா துஆவை நிறுத்திருவீங்கன்னு சொல்ல வேண்டாம்னுட்டாக மாமி."

அந்தப் புது நம்பருக்குப் போன் போட்டேன்.

"நீ வீட்டுக்கு வா."

"நிறுத்தாதீங்கம்மா" என்றான் எடுத்த எடுப்பில். "அத்தா பேருக்காகத்தான் சாவியை வச்சேன். நீங்க நிறுத்தினா நான் வச்சதுக்கு என்ன அர்த்தம்?"

"பெல்ட் போட்டிருக்கியா?"

பெட்டியை இறக்கச் சொல்லி பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"நாளைக்குக் காலையில இங்கே இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மத்தியானம் முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து அந்தத் தேக்சாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வீடு. கமாலுக்கு மகள். அடுத்த வீட்டு மன்சூருக்கு ஜபருல்லாவின் லாரியை ஓட்டுகிற மகன். அதற்கடுத்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியார், இன்றைக்கோ நாளைக்கோ. அத்தனை வீட்டுக்கும் இப்ராஹிம் மாதிரி டெல்லியில் ஒருவன் இருக்கிறான். நான் வீடுகளை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன்.

மார்ச் 15, வெள்ளி. ரஜப் முதல் வெள்ளி

189.

ஹபீப் முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். இளைத்திருக்கிறான். உள்ளங்கையில் புதிதாகக் காய்ப்பு. நான் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

ஒன்பது மணிக்கு கமாலும் மற்றவர்களும் முற்றத்தில் கூடினார்கள். நெய்ச்சோறு தம்மில் இருந்தது. வெளியூர் ஹஜ்ரத் வந்து உட்கார்ந்து பெயர்ப் பட்டியலைக் கேட்டார். இரண்டு வாரத்துக்கு முன்பே எழுதி வைத்தது, என் கையெழுத்தில். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"கமால், ரெண்டு தேக்சாவையும் பள்ளிவாசலுக்குத் தூக்கிட்டுப் போங்க. ஓதுறது அங்கேதான்."

முற்றம் அப்படியே நின்றது.

"என்னக்கா சொல்றீங்க? ஊரே பார்த்துக்கிட்டு இருக்குது." கமாலின் குரல் உயர்ந்தது. "கடைசி நேரத்துல பயந்துட்டீங்களா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். ஹபீபும் பார்த்தான். இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். எழுபத்திரண்டு வருடப் பழக்கம்.

"ஆமா கமால்" என்றேன். "பயந்துட்டேன். உங்க மகள் கடிதத்தை இன்னைக்கே கேட்டு வாங்குங்க."

கமால் தோள்துண்டை எடுத்துச் சும்மாடாகச் சுற்றினார். நாலு பேர் சேர்ந்து முதல் தேக்சாவைத் தூக்கினார்கள். ஹபீபும் குனிந்தான். நான் போட்ட கூச்சலில் நிமிர்ந்துவிட்டான்.

பள்ளிவாசலில் பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். சீட்டு வாங்கிக்கொண்டு வந்த பெண்ணிடம் நானும் ஒன்று எழுதிக் கொடுத்தேன். வாழ்க்கையில் முதல் சீட்டு. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தாள். கையிலிருந்த சீட்டுகளுக்கு அடியில் செருகினாள்.

ஒலிபெருக்கியில் முதலில் ஜபருல்லாவின் அத்தா பெயர் வந்தது. ஆமீன் சொன்னேன். மனிதர் நல்லவர்தான், உயிரோடு இருக்கும்போது என்னிடம் சண்டைக்கு வந்ததில்லை. பிறகு வரிசையாகப் பெயர்கள். விரல் விட்டு எண்ணினேன். முப்பத்தேழாவதாக, "காசிம் ராவுத்தர்." முப்பத்தெட்டாவதாக, "இப்ராஹிம்." பள்ளிவாசல் ஹஜ்ரத் ஒரு நொடி தயங்கினார். அத்தா பெயர், ஊர், வீடு எதையும் நான் எழுதியிருக்கவில்லை. பிறகு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். முந்நூறு பேர் ஆமீன் சொன்னார்கள்.

வீட்டில் வந்து ஹபீபுக்குச் சோறு போட்டேன். பாதிச் சோறு தின்ற பிறகு கேட்டான்.

"அம்மா, அத்தா பேருக்கு அடுத்து ஒரு பேரு வாசிச்சாங்களே. அது நம்ம சீட்டா?"

"ஆமா."

"யாரும்மா அந்த இப்ராஹிம்? நம்ம சொந்தத்துல அப்படி யாரும் இல்லையே?"

பக்கத்தில் ஃபாஹிமா குனிந்து இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பேனாவும் பேப்பரும் வச்சிருந்த பையன்" என்றேன். "அவனுக்காக இதுவரை யாரும் துஆ கேட்டிருக்க மாட்டாங்க. நீ சாப்பிடு."

இன்னும் ஒரு கரண்டி வைத்தேன். வேண்டாம் என்று கையை நீட்டினான். அந்தக் காய்ப்பின் மேலேயே வைத்தேன்.